காலில் ஒரு நாக்கு

எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசும் கரிச்சான் குருவி, வேப்பங்கன்றில் ஒளிந்துகொண்டு, "வா தாயி, நான்தான் கறிவேப்பிலை. பிள்ளைங்கள இங்கேயே விடு" என்று குழைந்தது.

முட்டைகளோடு அலைந்த வண்ணத்துப்பூச்சி நம்பி இறங்கியது. கரிச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

வண்ணத்துப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

"பேச்சுதான் கறிவேப்பிலை. இது வெறும் வேப்பிலை. இதுல விட்டா என் பிள்ளைங்க பட்டினி கிடந்தே செத்துப்போகும்."

"வாயே வைக்காம எப்படிக் கண்டுபிடிச்ச?" கரிச்சான் தன்னை மறந்து சொந்தக் குரலில் கேட்டுவிட்டது.

"எங்களுக்கு ருசி கால்லதான் அண்ணே."

அது வேலியோரத்துக் கறிவேப்பிலைக்குப் போய், தட்டிப் பார்த்து, கொழுந்தில் ஒரு முட்டையை ஒட்டியது.

கரிச்சான் மெதுவாகத் தன் காலை எடுத்து வேப்பிலைமேல் வைத்துக் கண்ணை மூடியது.

கசக்கவே இல்லை.