இங்கிலீஷுக்கு மாத்து

"இன்னாடி இது, குப்பைத் தொட்டின்னு போட்டிருக்கு?"

பரந்தாமன் லேப்டாப் முன்னால் குனிந்து நின்றார். திரை முழுக்கத் தமிழ். கோப்புகள், அமைப்புகள், மூலையில் ஒரு குப்பைத் தொட்டி.

"அழிச்ச பைலெல்லாம் அதுலதான்பா போய் விழும்," என்றாள் ஹரிணி. "பழைய லேப்டாப் இல்ல? விண்டோஸ் இருந்தப்ப ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கினே கெடக்கும். அதைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டேன். காசு கெடையாது. இப்ப எப்படி ஓடுது பாரு."

"ஓடட்டும். தமிழ் எதுக்கு?"

"போடறப்பவே எந்த பாஷைன்னு கேட்டுச்சு. தமிழ்னு குடுத்தேன்."

"இங்கிலீஷுக்கு மாத்து."

"மாத்த மாட்டேன்."

பரந்தாமன் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டுகிறவர். நாளெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று ஊறிய கால். மகளை எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் போட்டு, இப்போது இன்ஜினீயரிங் கடைசி வருஷம் வரை கொண்டு வந்துவிட்டார். படிப்புதான் சொத்து என்று டீக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். காலேஜுக்கு வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் வரப்போகிறார்கள். இந்த நேரத்தில் போய்த் தமிழா?

"இண்டர்வியூல இங்கிலீஷ்ல கேப்பான். நீ பெப்பேன்னு நிக்கப் போற."

"அதெல்லாம் நான் பேசிக்கறேன். லேப்டாப்ப மட்டும் தொடாத."

அடுப்பருகே அவர் மனைவி அமிர்தவள்ளி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்பனுக்கும் மகளுக்கும் சண்டை என்றால் கரண்டியோடு வந்து நடுவில் நிற்கிறவள், இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவளுடைய தம்பி காசிநாதன் வந்தான். திரையைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு.

"இன்னா மாமா, இவ்ளோ செலவு பண்ணிட்டு மறுபடி ஆனா ஆவன்னாவுக்கே வந்துட்ட?"

பரந்தாமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"உங்க மாமன் முன்னாடி என் மானத்த வாங்கினது போதும். மாத்துடி."

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். மாத்த மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே மாத்தறேன்."

ஹரிணி லேப்டாப்பை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொழுப்பு ஜாஸ்தியாகிவிட்டது என்று பரந்தாமன் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை அவள் தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஜாருக்கு நடந்தார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஆபித் பாஷா திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வயசான மெஷின் அண்ணே. திரும்ப விண்டோஸ் ஏத்தினா படுத்துக்கும். இப்ப ஜம்முன்னு ஓடுதே, எதுக்கு பேஜாரு? பாஷைய மட்டும் மாத்தித் தரேன். பாஸ்வேர்டு சொல்லுங்க."

"பொண்ணு சொல்லாது."

"அப்ப மொத்தமா அழிச்சிட்டுத்தான் போடணும். உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்."

"போவட்டும். இங்கிலீஷ்ல வந்தா போதும்."

ஆபித் பாஷா பென்டிரைவைச் சொருகினார்.

"பாய், கைய எடுங்க."

அமிர்தவள்ளி வாசலில் நின்றாள். புடவை இல்லாமல் பஜார் பக்கம் வராதவள், நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள். பின்னால் ஈரத் தலையோடு ஹரிணி.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்றார் பரந்தாமன்.

"அதுல என் வேல இருக்கு. அழிக்க உடமாட்டேன்."

"உன் வேலையா?"

"நான் வேலைக்குப் போற ஷூ கம்பெனில, லைன்ல எத்தினி ஜோடி முடிஞ்சிதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்த ஆள் எடுக்கறாங்க. நாளைக்கு டெஸ்ட். பேர் குடுத்திருக்கேன்."

பரந்தாமன் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீயா? எட்டாங்கிளாஸ் தாண்டாதவ, கம்ப்யூட்டரா? பாய், கேட்டியா இந்தக் கூத்த?"

பாய் சிரிக்கவில்லை.

"சிரிச்சி முடிச்சாச்சா?" என்றாள் அமிர்தவள்ளி. "கொஞ்சம் நவுருங்க."

கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தாள். கட்டம் கட்டமாக ஒரு பக்கம் திறந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு, அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசிக் கட்டத்தில் கூட்டுத்தொகை தானாக வந்து நின்றது.

பரந்தாமன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பெனில இங்கிலீஷ்லதானே இருக்கும்?"

"இருந்துட்டுப் போவட்டும். அங்கயும் கட்டம் கட்டமாத்தான் இருக்கும். எது எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்ச எழுத்துல படிச்சிப் புரிஞ்சிக்கினேன். இனிமே எந்த பாஷைல இருந்தா எனக்கின்னா?"

ஆபித் பாஷா பென்டிரைவை உருவி டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.

பரந்தாமன் மகளைக் கடைக்கு வெளியே கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"இத்தினி நாளா என்கிட்ட திட்டு வாங்கிக்கினு நின்னியே. அம்மாவுக்குத்தான்னு ஒரு வார்த்த சொன்னா ஆகாதா?"

ஹரிணி துப்பட்டாவால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ திட்டுனா நான் தாங்குவேன்பா. ஆரம்பத்துலயே நீ இந்தச் சிரிப்பு சிரிச்சிருந்தா, அம்மா கத்துக்கவே உக்காந்திருக்காது."