நாலாவது மாடியின் வரலாறு

"விழுப்புரத்துல மொதமொதல்ல லிஃப்ட் வெச்ச அபார்ட்மென்ட் நம்மளுதுதான்!"

மைக்கில் கோகுலகிருஷ்ணன் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. குடியிருப்பின் வெள்ளி விழா அது. கட்டும்போது இன்ஜினியராக நின்றவர், ஓய்வு பெற்றபின் அங்கேயே குடிவந்திருந்தார்.

முதல் மாடியில் சப்-ஜட்ஜ், இரண்டில் டாக்டர், மூன்றில் ரைஸ்மில் முதலாளி என்று குடியிருந்த பெரிய மனிதர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், நாலாவது மாடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கேட்டருகே பூமாலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டும்போது நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்த கொத்தனார் சின்னதுரையின் மனைவி. அவள் தேடி வரும் இந்த ஒரு நாளுக்குத்தான் அவர் இத்தனை வருடமாகப் பயந்திருந்தார்.

பேச்சைப் பாதியில் விட்டு இறங்கினார். பொன்னாடையோடு வந்தவர்களை விலக்கிக்கொண்டு போய், அவளைக் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போனார்.

"நல்லா இருக்கீங்களா சார்? ஒங்கள எங்கெங்கயோ தேடிக்கினு இருந்தேன்." மஞ்சளும் குங்குமமும் ஒட்டிய விரல்களால் பைக்குள் எதையோ துழாவினாள்.

"இரும்மா. நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்." கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "யார் சொன்னாங்கன்னு கேக்கமாட்டேன். நெசம்தான். ஒம் புருசன் அன்னிக்குக் குடிக்கல. சாரத்துக் கயிறு இத்துப்போயிருந்துச்சு. ஏறமாட்டேன்னுதான் சொன்னான். ஜல்தியா முடிக்கணும்னு நான்தான் ஏத்திவுட்டேன். குடிச்சிட்டு விழுந்தான்னு போலீஸ்ல சொன்னதும் நான்தான்."

துழாவிய கை அப்படியே நின்றது. பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை.

"எம் பொண்ணு வெண்ணிலாவுக்குக் கல்யாணம் சார்" என்றாள் மெதுவாக. "அவங்கப்பன் செத்தப்ப ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது நீங்க ஒருத்தர்தான். அதான் மொதப் பத்திரிகைய ஒங்களுக்கு வெக்கலாம்னு..."

கோகுலகிருஷ்ணனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. உள்ளே மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மன்னிச்சிடும்மா."

அவள் காதில் அது விழவேயில்லை. நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"குடிச்சுப்புட்டு எங்கள அம்போன்னு வுட்டுட்டுப் போயிட்டானேன்னு..." அவர் பக்கம் திரும்பினாள். "அந்த மனுசன் படத்துக்கு ஒருநாள்கூட நான் வெளக்கேத்தலீங்களே, சார்!"