எட்டு மணிக்கு வந்த டீவிக்காரர்

“சேச்சி, இனி யோசிக்க ஒண்ணுமே இல்ல கேட்டோ. இங்க ஒரு கையெழுத்து, நாப்பதாயிரம் ரூபா, அவ்வளவு மதி. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க முகம் டீவியில.”

வினய் மலையாளம் கலந்த தமிழில் பேசிக்கொண்டே படிவத்தை மசாலாப் பொட்டலங்களின் மேல் விரித்து வைத்தான். கழுத்தில் டீவிக் கம்பெனியின் அடையாள அட்டை, கையில் பளபளப்பான பேனா. கலைச்செல்வி பேனாவைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், பிறகு கடைக்கு வெளியே பார்த்தாள். ‘சாலை’ என்று பேர்கொண்ட அந்தக் கடைத்தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு அவள் ஷட்டரைத் தூக்கி விளக்கேற்றிய கையோடு வந்து உட்கார்ந்தவன், அரை மணி நேரமாகியும் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

“நீங்களாவே தேர்ந்தெடுத்ததாத்தான சொல்லுதீங்க? அப்புறம் பணம் எதுக்கு சார்?”

“செலக்‌ஷன் ஃப்ரீதான் சேச்சி. இது கேமரா, மேக்கப், எடிட்டிங், அவார்டு எல்லாத்துக்கும் சேர்த்து.”

படிவத்தோடு ஒரு வண்ணப் போஸ்டரும் கொண்டுவந்திருந்தான். ‘நாடு போற்றும் பெண் தொழில்முனைவோர்’ என்று கொட்டை எழுத்து. கீழே அவள் முகம். வாட்ஸப் படத்தை எடுத்து, யாரோ அவளுக்கு நீலக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். பொய் சொல்வானேன், அவளுக்கே ஒரு நிமிடம் ஆசை வந்தது.

பக்கத்துப் பாத்திரக்கடை கேசவ் அண்ணாச்சிக்கும் இப்படித்தான் போஸ்டர் வந்தது. பணம் கட்டினார். அவர் பேட்டியை விடியற்காலை ஐந்தே காலுக்குப் போட்டார்கள். அவரும் அவர் மனைவியும் மட்டும் பார்த்தார்கள். அதன்பின் கடைக்கு ஒரு ஈ காக்கா கூடுதலாக வரவில்லை. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு, “கடை தொறந்ததும் தொறக்காததுமா வந்து நிக்கான். எப்படிம்மா முடியாதுன்னு சொல்லச் சொல்லுத?” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கலைச்செல்வியையும் போன வாரம் முழுக்க எட்டு மணிக்கே போனில் பிடித்தான் வினய். “பாக்கலாம் சார்” என்று வைத்துவிடுவாள். பகலில் அவள் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டான். இன்று நேரிலேயே வந்துவிட்டான்.

கல்லாப்பெட்டிக்குள் நாற்பத்திரண்டாயிரம் இருந்தது. மதியம் பொடி அரைக்கிற மெஷின் வருகிறது, அதற்கான பணம். இரண்டு வருடமாக மாவு மில் வரிசையில் நின்று மிளகாய் அரைத்து, தும்மித் தும்மிச் சேர்த்தது. இது போனால் மறுபடியும் அந்த வரிசைதான்.

செல்போன் அடித்தது. விழிஞ்ஞம் துறைமுக வேலையிலிருந்து கணவன் பிரஜின். வினய் வந்து உட்கார்ந்ததுமே அவனுக்கு மெசேஜ் போட்டிருந்தாள்.

“போயிட்டானா?”

“உக்காந்திருக்காரு.”

“சொல்லிட்டியா?”

“எங்க சொல்ல?”

“ஏன், ஒருத்தரும் வரலியா?”

“மழைங்க.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “சரி, சமாளி. அந்தப் பணத்துல மட்டும் கை வச்சிராத.”

ஓர் ஆட்டோ வந்து நின்றது. குடையோடு இறங்கிய பெண்மணி இவள் கடைப் படியில் ஒரு கால் வைத்தாள். கலைச்செல்வி எழுந்தே விட்டாள். அந்த அம்மாள் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.

“யாரைப் பாக்குறீங்க சேச்சி? சேட்டன் வராரா?”

“சும்மாதான் சார்.”

“ஒன்பது மணிக்கு லிஸ்ட் க்ளோஸ். அடுத்த தெருவுல ஒரு பேக்கரிக்காரங்க ரெடியா நிக்கிறாங்க. உங்களுக்காகத்தான் நான் பிடிச்சு வச்சிருக்கேன்.” பேனாவை அவள் கையிலேயே திணித்தான். “பேரு எல்லாம் நானே பூர்த்தி பண்ணிட்டேன். கையெழுத்து மட்டும்.”

மணி எட்டு ஐம்பது. அவள் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள், எடுத்தாள். தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது.

வினய்க்கு இதெல்லாம் பழக்கம். இந்த மாதிரி நேரத்தில் கல்லாவைத் திறக்க வைக்க ஒரு வழி வைத்திருந்தான்.

“டென்ஷன் ஆகாதீங்க சேச்சி. இப்போ நம்ம எல்லாம் ஒரே குடும்பம் அல்லே? எங்க வீட்டுக்கு ஒரு சாம்பார் பொடி தாங்க.” இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினான். “பாக்கி தரும்போது நம்ம நாப்பதாயிரத்தையும் அப்படியே எடுத்துருங்க.”

கலைச்செல்வி கல்லாவைத் திறந்தாள். ரப்பர் பேண்டு போட்ட கட்டு மேலேயே கிடந்தது. வினய் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

அவள் அவனுடைய இருநூறு ரூபாயை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தாள். பாக்கி நூற்றுப் பத்தை எண்ணிக் கொடுத்தாள். கல்லாவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். படிவத்தையும் போஸ்டரையும் சேர்த்துச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

“வேணாம் சார். எனக்கு டீவியும் வேணாம், அவார்டும் வேணாம். நாளைக்கு போனும் பண்ணாதீங்க.”

குரலில் தயக்கம் போன இடம் தெரியவில்லை. வினய் விழித்தான்.

“இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை சொல்லலியே சேச்சி. சாலை பஜார்ல தமிழ்க் கடைகளுக்குக் காலைல தொறக்கும்போதே போயிரு, அப்போ யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கன்னு எங்க மேனேஜர் சொன்னாரே.”

“சரியாத்தான் சொல்லியிருக்காரு.” சாம்பார் பொடியை எடுத்து அவனிடம் நீட்டினாள் கலைச்செல்வி. “போணி ஆகுற வரைக்கும் எங்க வாயில ‘இல்ல’, ‘வேணாம்’னு வராது சார். இன்னைக்குப் போணி நீங்கதான்.”