மெசின் பழுது

“மெசின் பழுது, மிஸ். போட்டு ரெண்டு வருசம், வாயிலையிருந்து ஒரு சொல்லு வரேல்லை!”

உடுவிலிலிருந்து வந்திருந்த கிருபைரட்ணம், மகன் கெல்வினின் காதுகளிலிருந்து கழற்றிய கருவிகளை, ஏதோ கொலைவழக்குச் சான்றுபோல மிரியத்தின் மேசையில் வைத்தார்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குவது மிரியத்தின் வேலை. கெல்வினுக்கு வரும் மாதம் ஐந்து வயது. பேச்சுப் பிடிபடும் பருவம் அநேகமாகக் கைநழுவிப் போயிருந்தது.

கருவிகளை மாட்டிவிட்டு அவள் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். சத்தம் கேட்டால் அவன் ஒரு கட்டையை வாளிக்குள் போடவேண்டும். “ம்” என்றாள், கட்டை விழுந்தது. மூச்சுவிடுவதுபோல “ஸ்” என்றாள், அதற்கும் விழுந்தது.

“மெசின் திறம், சேர். பிள்ளைக்கு வடிவாக் கேக்குது. ஆனா கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு வரும். வீட்டிலை நாள் முழுக்க அவனோடை கதைக்கவேணும்.”

“எங்களுக்கோ கதைக்கச் சொல்லித் தாறியள்?” கிருபைரட்ணம் நிமிர்ந்தார். “என்ரை பூட்டன் அமெரிக்கன் பாதிரிமாருக்கே இங்கிலீஷ் பிழை திருத்தினவர். எங்கடை வீட்டிலை பிள்ளையோடை இங்கிலீஷ் மட்டுந்தான். ஒரு தமிழ்ச் சொல்லு அவன்ரை காதிலை விழக்கூடாதெண்டது என்ரை ஓடர். என்ன, மலர்?”

பக்கத்தில் இருந்த மனைவி தேவமலர் தலையை ஆட்டினாள்.

“நாளைக்குக் கனடா போறவனெல்லே, மிஸ்!” என்றார் கிருபைரட்ணம்.

“பகலிலை நீங்கள் வீட்டிலை நிக்கிறனீங்களோ, சேர்?”

“நான் வவுனியாவிலை மனேஜர். சனி ஞாயிறு வந்தாலும் சேர்ச் கொமிற்றி விடாது. அதாலை என்ன, தாய் கூடவே நிக்கிறா. என்ரை சொல்லை இண்டுவரைக்கும் மீறினதில்லை.”

அவருடைய கைபேசி அலறியது. “ஹலோ! யெஸ், யெஸ், ஸ்பீக்கிங்!” என்று கட்டடமே அதிர விறாந்தைக்குப் போனார்.

கெல்வின் அந்தக் குரல் போன பக்கம் திரும்பிப் பார்த்தான். மிரியத்துக்குக் குழப்பமாக இருந்தது. இவ்வளவு நன்றாகக் கேட்கிற பிள்ளைக்கு, “அம்மா” என்றுகூட வராமல் போவானேன்? கதிரையைத் தேவமலருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, குளிக்க வாக்கேக்கை, சோறு தீத்தேக்கை, நீங்கள் இவனோடை என்ன கதைக்கிறனீங்கள்?”

தேவமலர் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மிஸ்.”