தேதி விட்ட இடம்

பேருந்து நிலையத்தில் பேனரைக் கட்டி ஏற்றிய பிறகுதான், எதிரே தன் பேனர் கடை வாசலில் நின்ற பிலோமினா அதைக் கவனித்தாள். ஆர்டர் குவிந்த அவசரத்தில், ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபைலின் மேலேயே வட்டச் செயலாளரின் பிறந்தநாள் பேனரை டிசைன் செய்திருந்தாள். படத்தை மாற்றியவள், ஓரத்தில் இருந்த 'தோற்றம்', 'மறைவு' இரண்டையும் எடுக்க மறந்துவிட்டாள். கைப்பழக்கத்தில் தோற்றத்துக்குக் கீழே அவர் பிறந்த தேதியையும் அடித்திருந்தாள். மறைவுக்குக் கீழே காலியாக இருந்தது.

சாலைக்கு எதிர்ப்புறம், அந்தப் பேனருக்கு அடியிலேயே செயலாளர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பேனர் ஆர்டர் கொடுத்த சுடலை மட்டும் பார்த்தான். கூட்டத்தைவிட்டு விலகிப் போனை எடுத்தான். அவள் கையில் போன் அதிர்ந்தது.

"அண்ணே, தெரியாம நடந்துபோச்சுண்ணே. இப்பவே ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிர்றேன்."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு." அவன் குரல் தணிந்திருந்தது. "தேதி ஒண்ணுதான் குறையுது தங்கச்சி. நாளைத் தேதியப் போட்டு இன்னொண்ணு அடிச்சு வையி. யார்ட்டயும் சொல்லிராத."

போனைப் பையில் போட்டுக்கொண்டு அவன் கூட்டத்துக்குள் நுழைந்தான். கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து நீட்டினான். செயலாளர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.