ஐந்து ஒட்டோக்கள்

கடைசித் திருகாணியையும் இறுக்கிவிட்டு டொறத்தி ஓரடி பின்னால் வந்து பார்த்தாள். இரண்டாம் ஒட்டோவின் படத்துக்குக் கீழே மூன்றாமவரின் பெயர்த்தகடு, மூன்றாமவருக்குக் கீழே இரண்டாமவருடையது. யாராவது கேட்டால், தகடு ஆடியது, இறுக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹனோவருக்கு வெளியே இருந்த அந்தச் சிறிய கோட்டையை அந்தக் காலத்தில் ஆண்ட பிரபுக்கள் ஐந்து பேருக்கும் ஒட்டோ என்றே பெயர். ஐந்து பேருக்கும் ஒரே தாடி, ஒரே முறைப்பு. தகட்டில் பழைய ஜேர்மன் எழுத்தில் பொறித்திருந்ததைப் பார்த்துத்தான் வழிகாட்டிகளே யார் எவர் என்று சொல்வார்கள்.

டொறத்தி அங்கே பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை செய்தாள். கை தூசி தட்டினாலும் வாய் ஓயாது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் போதும். போன வருடம் வழிகாட்டி வேலைக்கு அவளும் விண்ணப்பித்தாள். நிர்வாகி திருமதி குறூகருக்கு முன்னால் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு சொல்லும் வரவில்லை.

இந்த வருடம், 2004இல், அதே வேலைக்கு மைதிலி விண்ணப்பம் போட்டிருந்தாள். டொறத்தியோடு நிலம் துடைக்க வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாதவள். தனக்காக ஆண்டவரிடம் ஒருக்கா மன்றாடச் சொல்லி அன்று காலை அவள் கேட்டபோது டொறத்தி தலையாட்டினாள். உள்ளே பற்றி எரிந்தது. நாளைக்கு இவள் பெயர் அட்டை குத்திக்கொண்டு கதை சொல்வாள், நான் பின்னால் வாளியோடு போக வேண்டுமா?

பத்து மணிக்கு வேலைக்கான சோதனை; நிர்வாகிக்கு முன்னால் படங்களின் கதையைச் சொல்ல வேண்டும். டொறத்தி கதவோரம் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது படத்துக்கு முன்னால் மைதிலி தயங்கவில்லை. கால் முறிந்த பிறகும் தன்னைக் குதிரையில் கட்டச் சொல்லிப் போருக்குப் போனவர் இவர் என்றாள். அடுத்தவர், சனம் தம்பியைப் புகழ்ந்ததைத் தாங்காமல் அவனை ஒன்பது வருடம் கோபுரத்தில் பூட்டி வைத்தவர் என்றாள்.

திருமதி குறூகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டருகே குனிந்தார், பிறகு கையிலிருந்த படப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டொறத்தியின் கை நின்றுவிட்டது.

போன கிழமை சுவருக்கு வர்ணம் பூசியவர்கள் தகடுகளை மாற்றிக் கொழுவிவிட்டதாக நிர்வாகி சலித்துக்கொண்டார். தானே ஏமாந்திருப்பேன் என்று சிரித்து, மைதிலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை அவளுக்குத்தான்.

அவர் போனதும் டொறத்தியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தகடு மாறிக் கிடந்ததை என்னெண்டு கண்டுபிடிச்சனி?"

மைதிலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நான் தகட்டைப் பார்க்கவே இல்லை, அக்கா. அந்தப் பழைய எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. அவவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப இவ்வளவு கதையும் உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

மைதிலி விளங்காமல் அவளைப் பார்த்தாள்.

"நீங்கள்தானே, அக்கா."