கோடில்லாத வரைபடம்

ஆராய்ச்சிப் போஸ்டர் போட்டி அரங்கில், தன் போஸ்டரை விரித்து நான்கு முனையிலும் ஒட்டிவிட்டுத்தான் பார்த்தாள்.

கோடுகளைக் காணோம்.

ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு வாழைமரம் முளைத்திருந்தது. உளுந்து ஆராய்ச்சிக்கு வாழைமரம். சரி, அதைத் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். வரைபடத்தில் இருந்த கோடுகள் எங்கே?

நடுவர் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். அவள் இருந்தது இரண்டாவது வரிசையில்.

ப்ளெக்ஸ் கடை இசக்கியப்பனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணே, படத்துல ரெண்டு பட்டை இருக்குல்ல. அது தலையில நெட்டுக்குத்தா ஆளுக்கொரு கோடு இருந்துச்சே, எங்க?"

"ஆமாம்மா, குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஃபைல்ல ஏதோ கோளாறுன்னு நாந்தான் அழிச்சேன். இப்ப சுத்தமா இருக்குல்ல?"

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மனுஷன் உபகாரம் செய்துவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறார். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

நான்கு வருடம். எட்டுப் போகம்.

ஒவ்வொரு போகத்திலும் பாதி உளுந்துக்குக் கடற்பாசிச் சாறு தெளித்தாள். பாதிக்குத் தெளிக்கவில்லை. விளைச்சலை எடை போட்டாள். தெளித்ததன் சராசரி ஒரு பட்டை. தெளிக்காததன் சராசரி இன்னொரு பட்டை. போகத்துக்குப் போகம் விளைச்சல் எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டத்தான் அந்தக் கோடுகள்.

கன்னாபின்னாவென்று ஏறி இறங்கியிருந்தது. ஐந்து போகத்தில் தெளித்தது ஜெயித்தது. மூன்றில் தெளிக்காதது. சாற்றால் பலன் உண்டென்று அடித்துச் சொல்ல முடியாது.

அவள் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

கோடு போனதும் படம் வேறு கதை சொன்னது. தெளிக்காத பட்டை குட்டை. பக்கத்தில் தெளித்தது நெட்டை. உண்மை கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை எந்த நடுவர் படித்திருக்கிறார்?

படமெடுத்து ஆராய்ச்சி கைடுக்கு அனுப்பினாள். என்ன செய்யட்டும் சார்?

போன வாரம் கறாராகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் பரிசு இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பதில் உடனே வந்தது.

"அருமை. அப்படியே இருக்கட்டும்."

அடப்பாவி மனுஷா.

அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. இப்படி ஒரு படம் வராதா என்றுதானே நான்கு வருடம் வெயிலில் காய்ந்தாள்.

நடுவர் இரண்டாவது வரிசைக்குத் திரும்பினார்.

தெளிக்காதது ஜெயித்த அந்த மூன்று போகத்திலும் களை பிடுங்கியது அவள்தான். செடி செடியாக உளுந்து நெற்றைப் பறித்ததும் அவள்தான். அதெல்லாம் நடக்கவே இல்லையா?

பேனாவை எடுத்தாள். ப்ளெக்ஸில் வழுக்கியது.

எழவு.

கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை, பஸ் டிக்கெட். கண்மை பென்சில்.

ஃபோனில் இருந்த மூலப்படத்தைப் பார்த்து அளந்து அளந்து வரைந்தாள். கோடு கொஞ்சம் கோணியது. தடிமனாகவும் வந்தது. ஆனால் வந்தது.

"என்னம்மா இது, கையால போட்டிருக்கே?"

நடுவர் பின்னால் நின்றார்.

சொன்னாள். கடை, வாழைமரம், எட்டுப் போகம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப சாறு தெளிச்சும் பிரயோஜனம் இல்லங்கிற."

"உறுதியா சொல்ல முடியலங்கறேன் சார்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். எழுதினார்.

பத்துக்கு மூன்று.

தலைகீழாகப் படித்தாலும் மூன்று மூன்றுதான். நாளைக்குப் புதுத் தலைப்பு. புது விதை. மறுபடி முதல் போகம். அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பென்சிலை எடுக்காமலேயே இருந்திருக்கலாம்.

நடுவர் அடுத்த போஸ்டருக்கு நகரவில்லை.

அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோட்டை அழிச்சுக் குடுத்த அந்தக் கடை நம்பர் இருக்காம்மா? அடுத்த மாசம் நம்ம பசங்க போஸ்டர் நாலஞ்சு போட வேண்டியிருக்கு."

மதிப்பெண் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி, பேனாவோடு காத்திருந்தார்.